மூன்று கழுத்துக் கிடார்

ஒரு கழுத்தோடு பிறந்த மனுஷனுக்கு மூன்று கழுத்துள்ள கிடார் எதற்கு என்று நான் கேட்காத நாள் கிடையாது. கேட்டு என்ன பிரயோஜனம்? பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இருந்ததே இரண்டு அறை. முன்னறையில் கிடந்த கட்டிலைப் பின்னால் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் அதைக் கொண்டுவந்து நிறுத்தினார் என் வீட்டுக்காரர். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் ஒருக்களித்து நடந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது.

பார்ப்பதற்கு ஒரு பெரிய தேக்கு மேஜை. மேலே மூன்று கிடார் பலகைகள் படிக்கட்டு மாதிரி அடுத்தடுத்துப் படுத்திருக்கும். பலகைக்கு எட்டு என்று இருபத்துநான்கு கம்பிகள். கீழே மிதிகட்டைகள், பழைய தையல் மெஷின்களிலிருந்து எடுத்தவை. மிதித்தால் சைக்கிள் பிரேக் ராடுகள் நடுப்பலகையின் கம்பியை இழுக்கும். ஒலித்துக்கொண்டிருக்கும் ஸ்வரம் அப்படியே வழுக்கி மேலே ஏறும். ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸுக்கு வரும் ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர் கொடுத்த அமெரிக்கப் பத்திரிகையில்தான் இந்த மாதிரி ஒன்றின் படத்தைப் பார்த்தார். அதோடு மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதுவரை அவர் வாசித்தது சாதாரண ஹவாயன் கிடார். மடியில் படுக்கவைத்து, இடது கையில் எஃகுத் துண்டு ஒன்றைப் பிடித்துக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பது. நன்றாகவே வாசிப்பார். பகலில் ஒர்க்ஷாப்பில் ரயில் இன்ஜின் பாய்லருக்கு ரிவெட் ஆணி அடிக்கிற வேலை, முகூர்த்த நாட்களில் கல்யாணக் கச்சேரி. நான் கன்னியர் பள்ளியில் பாட்டு டீச்சர். மாதா கோயிலில் பாடற்குழுவுக்கு ஹார்மோனியம் வாசிப்பவளும் நான்தான். எனக்குக் காது கொஞ்சம் கூர்மை. அவருக்கோ, இருந்த காதும் போய்க்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஏதோ கோபம் என்று நினைத்து நானும் முறைத்துக்கொண்டு பேசாமல் இருந்து பார்த்தேன். நான் பேசாமல் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், எதிரே நின்று பேசும்போது அவர் என் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்க்கிறார். உதடு அசைவதை வைத்தே முக்கால்வாசிப் பேச்சைப் பிடித்துவிடுவார். அதனால் வெளியில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒர்க்ஷாப்பைக் குறை சொல்ல மாட்டேன். பாய்லருக்குள் உட்கார்ந்து ரிவெட் அடித்தால் எந்த ஊரிலும் சத்தம் சத்தம்தான். காதுக்குப் பஞ்சு கொடுத்திருந்தார்கள். இவர்தான் வைக்க மாட்டார். பஞ்சு வைத்தால் மனசுக்குள் ஓடுகிற பாட்டு அடைத்துப்போகிறதாம். இந்தக் கொழுப்புக்கு யார் என்ன செய்ய முடியும்?

பாலக்கரையில் ஒரு காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னார்.

"போனது போனதும்மா. மிச்சம் இருக்கறதையாவது காப்பாத்தணும்னா அந்தச் சத்தத்தை விட்டு வெளிய வரணும். இன்னும் ஒரு வருஷம் அங்கயே இருந்தார்னா முழுசா போயிடும்."

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ஆபீஸ்ல சொல்லிடுங்க. வேற வேலை குடுப்பாங்க. சட்டமே இருக்கு."

"என்ன வேலை? செவிடன்னு பட்டம் கட்டிக் கேட்ல ஸ்டூல் போட்டு உக்கார வெப்பாங்க. ஊர் பூரா தெரிஞ்சுடும். அப்புறம் எந்தக் கச்சேரிக்காரன் என்னைக் கூப்பிடுவான்? செவிடனுக்குக் கிடார் எதுக்குன்னு சிரிக்க மாட்டாங்க?"

திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் நிறுத்தி, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். கோபத்தில்தான் சத்தியம் செய்தேன். ஆனாலும் சத்தியம் சத்தியம்தானே.

அந்த மாசியில் ஸ்ரீரங்கத்தில், வடக்குச் சித்திரை வீதியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். குழுத் தலைவர் வயலின்காரர் ஸ்ரீனிவாசராகவன். அந்த ஊர்க்காரர், வானொலியிலும் வாசிப்பவர், எங்களிடம் பிரியமாக இருப்பார். அன்றைக்கு நானும் போயிருந்தேன். ஆண் பாடகருக்கு ஸ்ருதி ஒரு கட்டை. அவர் முடித்ததும் வேதவதி என்ற பெண் பாட வந்தாள். அவளுக்கு ஐந்து கட்டை. ஆள் மாறும்போதெல்லாம் கிடாரின் ஸ்ருதிக் கம்பிகளையும் மாற்றிச் சேர்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் கம்பியை முறுக்கும் பிருடையைத் திருகினார், தட்டிப் பார்த்தார், மறுபடி திருகினார். ஒவ்வொரு திருகலுக்கும் அது ஸ்ருதியைவிட்டு இன்னும் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வாசிக்கத் தொடங்கினார்.

வேதவதி இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்திவிட்டாள். "அண்ணா, சித்த சேர்த்துக்கோங்கோ" என்றாள் மெதுவாக. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஸ்ரீனிவாசராகவன் வயலினைக் கீழே வைத்துவிட்டு எட்டி வந்து தாமே பிருடைகளைத் திருகிக் கொடுத்தார். "காவேரிக் காத்து, கம்பியெல்லாம் இளகிடறது" என்று சபைக்குச் சமாதானமும் சொன்னார்.

மறுநாள் மரக்கடையிலிருந்து தேக்குப் பலகை வந்து இறங்கியது.

"மூணு கழுத்து இருந்தா சபையில பிருடையையே தொட வேண்டாம் சகாயம். ஒண்ணு ஆம்பளைக்கு, ஒண்ணு பொம்பளைக்கு, ஒண்ணு இங்கிலீஷ் பாட்டுக்கு. நீ வீட்லயே சேத்துக் குடுத்துடு. கம்பி சரியா இருந்தா போதும், கோட்டைப் பாத்து நான் வாசிச்சுக்குவேன்."

அவர் சொன்னது வாஸ்தவம்தான். பலகையில் ஸ்வரத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கும். கம்பி சரியாகச் சேர்ந்திருந்தால், எஃகுத் துண்டைக் கோட்டுக்கு நேரே வைத்தால் ஸ்வரம் தப்பாது. காதால் வாசித்த மனுஷர் கண்ணால் வாசிக்கக் கிளம்பிவிட்டார். உலகத்தில் எல்லோரும் வித்தை காட்டுவதற்கு இரண்டு மூன்று கழுத்து வைத்துச் செய்வார்கள். இவர் ஒளிந்துகொள்வதற்குச் செய்தார்.

கோபத்தை எல்லாம் ஒரு சாயங்காலம் கொஞ்சம் மறந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்து கம்பி ஏற்றிய அன்று இருபத்துநான்கையும் நான் சேர்த்துக் கொடுத்தேன். விரல் நுனியெல்லாம் காந்தியது. அவர் உட்கார்ந்து நடுப்பலகையில் ஒரு ஸ்வரத்தை மீட்டி மிதிகட்டையை மெல்ல அழுத்தினார். அந்த ஒலி ஏறியது பாருங்கள், தூளியில் கிடக்கிற பிள்ளை தூக்கத்தில் சிரிப்பது மாதிரி இருந்தது. கை இந்தப் பலகையிலிருந்து அந்தப் பலகைக்குத் தாவியபோது வீடே வேறு வீடாகிவிட்டது. நான் அழுதுவிட்டேன். "எப்படி?" என்று கேட்டார். "நல்லா இருக்கு, போங்க" என்றேன்.

ஆனால் அது தொல்லை பிடித்த சாமான். ஒரு பலகையில் வாசித்தால் மற்ற இரண்டும் சும்மா கிடக்காமல் கூடவே ரீங்காரம் போடும். நான் ஒரு பக்கத்தைச் சேர்த்து முடிப்பதற்குள் இன்னொரு பக்கம் இறங்கியிருக்கும். ஜன்னலைத் திறந்தால் ஒரு ஸ்ருதி, மூடினால் ஒரு ஸ்ருதி. எடையோ, இரண்டு பேர் தூக்கினால் மூன்றாவது ஆள் வேண்டும். எந்தக் கல்யாண மேடைக்கும் அதை ஏற்ற முடியாது என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. அவரோ கல்யாண மேடையையே மறந்திருந்தார்.

காரணம், ஸ்ரீனிவாசராகவன் ஒரு செய்தி கொண்டுவந்திருந்தார். வானொலி நிலையத்தில் ஹவாயன் கிடாருக்கு ஒரு ஆள் நிரந்தரமாக எடுக்கிறார்கள், சித்திரையில் தேர்வு.

"ஓய் அற்புதம், ஸ்டூடியோ முழுக்க ஏர்கண்டிஷன். வாத்தியம் அங்கேயே இருந்துடும். வெச்ச ஸ்ருதி வெச்ச இடத்துல இருக்கும். அலுங்காது" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் என் வீட்டுக்காரர் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். அவர் போட்ட திட்டம் இதுதான்: வேலை கிடைத்ததும் பாய்லர் ஷாப்புக்கு முழுக்கு. மூன்று கழுத்தும் வானொலியில் குளிரில் அசையாமல் நிற்கும். சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் நான் வந்து அவ்வப்போது சரிபார்த்துவிட்டுப் போவேன். காதும் பிழைக்கும், பெயரும் பிழைக்கும். பைத்தியக்காரத் திட்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த டாக்டர் சொன்ன ஒரு வருஷம் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. இந்த வேலை கிடைக்காவிட்டால் அவர் பாய்லருக்குள்ளேயே இருந்து முழுச் செவிடாவார். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

தேர்வு நாளன்று காலையிலேயே சேர்த்து முடித்தேன். பக்கத்துத் தெரு பஷீர் அகமதின் குதிரை வண்டிதான் பேசியிருந்தது. அந்தச் சாமானைப் பார்த்ததும் அவர் குதிரையைவிட அதிகமாக மிரண்டார்.

"அற்புதண்ணே, இது கிடாரா, கட்டிலா? டீச்சரம்மா, நீங்க ரெண்டு பேரும் நடந்துதான் வரணும், சொல்லிட்டேன்."

மேஜைக் கால்கள் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கம்பிகளுக்கு மேல் என் பழைய புடவையைப் போர்த்தி, வண்டிக்குப் பின்னாலேயே நாங்கள் நடந்தோம். வானொலி நிலையம் இருந்த கண்டோன்மென்ட்வரை அத்தனை மேடு பள்ளத்திலும் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கம்பிகள் உள்ளே முனகின. எனக்குக் கேட்டது. அவர் என் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நிலையத்தில் அடுத்த பாடு. ஸ்டூடியோ கதவுக்குள் அது நேராக நுழையவில்லை. பியூன், பஷீர், ஸ்ரீனிவாசராகவன், இவர் என்று நாலு பேராகச் சாய்த்து, திருப்பி, மூச்சுவாங்க உள்ளே தள்ளினார்கள். நிலைச்சட்டத்தில் மாட்டி ஒரு ராடு வளைந்தது. அவர் மண்டிபோட்டு உட்கார்ந்து கையாலேயே அதை நிமிர்த்தினார். உள்ளேயிருந்து வந்த குளிர் காற்று என் முகத்தில் அடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சித்திரை வெயிலில் சூடேறிக் கிடக்கும் கம்பிகள் இந்தக் குளிருக்குச் சுருங்காதா? சுருங்கினால் ஸ்ருதி ஏறாதா? வைத்த இடத்தில் நிற்கும் என்றால் முதலில் அங்கே வைக்க வேண்டுமே.

"நான் ஒரு நிமிஷம் உள்ள வந்து..." என்று ஆரம்பித்தேன். பியூன் கையைக் குறுக்கே நீட்டினார். "ஆர்ட்டிஸ்ட் மட்டுந்தாம்மா. நீங்க இங்கயே இருங்க."

கதவு மூடிக்கொண்டது. கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி இருந்தது. அதன் வழியே அவரும், தம்புராவோடு உட்கார்ந்திருந்த வேதவதியும், வயலினோடு ஸ்ரீனிவாசராகவனும் தெரிந்தார்கள். எதிர்ச்சுவரிலும் ஒரு பெரிய கண்ணாடி. அதற்குப் பின்னால் தேர்வு அதிகாரிகள். உள்ளே நடப்பதைக் கேட்க எங்கள் பக்கம் ஒரு ஸ்பீக்கர் மாட்டியிருந்தார்கள். நான் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அவர் முதலில் தனியாக வாசித்தார். கை அழகாகப் போயிற்று, கோடு கோடாகச் சரியாக நின்றது. ஆனால் ஸ்பீக்கரில் கேட்டது வேறு. மெல்லிய கம்பிகள் எல்லாம் ஏறிப்போயிருந்தன, தடித்தவை அவ்வளவு ஏறவில்லை. ஒன்றோடொன்று சண்டை போட்டன, மற்ற இரண்டு பலகைகளும் கூடவே ஊளையிட்டன. அவர் முகத்திலோ நிம்மதி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு அதிகாரியின் குரல் வந்தது. "நிறுத்துங்க சார். ஸ்ருதி சேரலை. சேர்த்துக்கிட்டு வேதவதிக்கு வாசிங்க."

அவருக்கு அது கேட்கவில்லை. குரல் ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தது, உதட்டைப் பார்க்க அவர் கண் பலகைக் கோடுகளைவிட்டு நிமிரவில்லை. அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். ஸ்ரீனிவாசராகவன் வில்லால் அவர் தோளைத் தட்டிச் சொன்ன பிறகுதான் நிறுத்தினார். பிருடையில் கை வைத்தார். எதைத் திருகுவது, எந்தப் பக்கம் திருகுவது? தலையைத் தூக்கிக் கதவுக் கண்ணாடியில் என்னைத் தேடினார்.

நான் யோசிக்கவில்லை. ஆட்காட்டி விரலைக் கீழே காட்டினேன். இறக்கு. அவர் இறக்கினார். உள்ளங்கையைக் காட்டினேன். போதும். அடுத்த கம்பி. இறக்கு, இன்னும் இறக்கு, ஐயோ கொஞ்சம் ஏற்று. வியர்வை என் கழுத்தில் வழிந்தது. நடுப்பலகையில் பாதிதான் முடிந்திருந்தது. ஒன்றைச் சேர்த்தால் மற்ற பலகைகளின் ரீங்காரம் வந்து அதை மூடியது, எது எந்தக் கம்பி என்று எனக்கே குழம்பியது. வேதவதி தம்புராவை மீட்டிக்கொண்டே என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

எதிர்க் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் எழுந்து நின்றார். அடுத்த நிமிஷம் அந்தப் பக்கத்துக் கதவு திறந்து அவர் என் முன்னால் வந்து நின்றார். நரைத்த தலை, கண்ணியமான முகம்.

"நீங்க யாரும்மா? கையால என்ன பண்றீங்க?"

உண்மையைச் சொன்னால் சத்தியம் போகும், வேலையும் போகும். நான் ஜெபமாலையைத் தூக்கிக் காட்டினேன்.

"ஜெபம் சொல்றேங்க ஐயா. அவருக்காக."

"ஜெபத்துக்கு விரலை மேலயும் கீழயும் காட்டணுமா?"

"எங்க கோயில்ல அப்படித்தாங்க" என்றேன். இருபது வருஷமாக மாதாவுக்குப் பாட்டுப் பாடுகிறவள், மாதாவின் மணியையே கையில் பிடித்துக்கொண்டு பொய் சொன்னேன். கூசாமல் சொன்னேன். இன்னும் கேட்டிருந்தால் இன்னும் சொல்லியிருப்பேன்.

அப்போது கண்ணாடி வழியே என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். என் கண்ணை அல்ல, வாயை. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எஃகுத் துண்டைக் கம்பிமேல் வைத்துவிட்டு எழுந்தார். மிதிகட்டையில் கால் தடுக்கியது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"அவ ஜெபம் சொல்லலைங்க" என்றார் அதிகாரியிடம். குரல் தேவைக்குமேல் சத்தமாக வந்தது. "எனக்காகப் பொய் சொல்றா. எனக்குக் காது கேக்காதுங்க. கம்பி சேந்துருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இவதான் சேத்துக் குடுப்பா. அதுக்குத்தான் மூணு கழுத்து."

உள்ளே ஸ்ரீனிவாசராகவன் எழுந்து நின்றுவிட்டார். "அற்புதம்... நீர் என்னண்ட ஒரு வார்த்தை..." என்று ஏதோ தொடங்கி முடிக்காமல் விட்டார். எனக்கு அவரை அடித்து நொறுக்க வேண்டும் போலிருந்தது, என் வீட்டுக்காரரைத்தான். இத்தனை நாள் என் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு, இந்த இடத்திலா, இந்த நேரத்திலா? அதே சமயம் மார்பில் ஏறியிருந்த பாறாங்கல் இறங்கின மாதிரியும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தது.

அதிகாரி பியூனைப் பார்த்து, "அம்மாவை உள்ள விடு" என்றார். என்னிடம், "வேதவதிக்கு வேண்டியதை மட்டும் சேருங்கம்மா" என்றார்.

நடுப்பலகையின் எட்டுக் கம்பிகளைத் தம்புராவோடு சேர்த்தேன். முன்னாலிருந்த பலகையில் அவருடைய தோள்துண்டை மடித்து அமுக்கினேன். பின்னாலிருந்ததை என் பழைய புடவையால் வாயடைத்தேன். மூன்று கழுத்தில் இரண்டு மூச்சுவிடாமல் அடங்கின. "வாசிங்க" என்று அவருக்கு நேரே நின்று சொன்னேன்.

வேதவதி பாடினாள். அவர் வாசித்தார். வளைந்த ராடுள்ள மிதிகட்டையை அவர் தொடவில்லை. மற்றவற்றில் கால் மெல்ல ஏறி இறங்கியது. அவள் ஒரு இடத்தில் இழுத்து நிறுத்தினால், அவள் கழுத்து நரம்பைப் பார்த்தே இவரும் அங்கே நின்றார். நான் அவருடன் குடித்தனம் நடத்திய காலமெல்லாம் கேட்ட வாசிப்பில் அதுதான் மேலானது. அவர் ஒருவருக்குத்தான் அது முழுசாகக் கேட்கவில்லை.

முடிந்ததும் அதிகாரி உள்ளேயே வந்தார். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இவர் பார்க்கும்படி நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"உங்க கை பெரிய கை சார். நான் பொய் சொல்லலை. ஆனா இங்க காலையில ஒருத்தர் பாடுவாங்க, மத்தியானம் ஒருத்தர். திடீர்னு ஸ்ருதி மாத்துவாங்க. நேரடி ஒலிபரப்புல உங்க சம்சாரம் பக்கத்துல நின்னுக்கிட்டிருக்க முடியாது. மன்னிச்சிடுங்க."

"சரிங்க" என்றார் இவர். அவ்வளவுதான்.

மறுபடி சாய்த்து, திருப்பி, வண்டியில் ஏற்றினோம். ஸ்ரீனிவாசராகவன் வாசல்வரை வந்து இவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் கொளுத்தியது. வண்டிக்குப் பின்னால் நடந்தபோது நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். நீ கை காட்டாமல் இருந்திருந்தால் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரட்டும், நடுரோட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று.

பொன்மலை எல்லைக்கு வந்ததும் அவர் முன்னால் எட்டி நடந்து பஷீரின் கையைத் தட்டி வண்டியை நிறுத்தினார்.

"வீட்டுக்கு வேணாம் பாய். ரயில்வே ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

"ஏங்க, என்ன பண்ணுது?" என்று பதறினேன்.

"ஒண்ணும் பண்ணலை. ஒரு தடவை வாயால சொல்லியாச்சு சகாயம். சூடு ஆறறதுக்குள்ள இன்னொரு தடவையும் சொல்லிடறேன். நாளைக்குன்னா எனக்குத் தைரியம் வராது. திரும்பப் பாய்லருக்குள்ளதான் போய் உக்காருவேன்."

நான் சண்டையை விழுங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் வயசானவர், அவசரமில்லாதவர். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு இவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார். என்னை எதிர் பெஞ்சில் உட்காரச் சொன்னார். பிறகு இவர் முதுகுக்குப் பின்னால் போய்ச் சுவரோரம் நின்றார்.

"நான் பின்னால இருந்து சொல்றதைத் திருப்பிச் சொல்லணும்" என்று முன்பே கையசைத்துப் புரியவைத்திருந்தார். இவர் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் பேசத் தொடங்கினால் என் உதடு தானாக அசைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் பேசுவதை அவருக்கு உதட்டிலேயே சொல்லிக்காட்டிய பல மாதப் பழக்கம். நான் முந்தானையால் வாயைப் பொத்துவதற்குள் அவரே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

டாக்டர் சொன்னார். கொஞ்சம் பொறுத்து இன்னும் உரக்கச் சொன்னார். ஓரடி முன்னால் வந்து மறுபடியும் சொன்னார். அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டூலில் இருந்தவர் கண்ணைத் திறக்காமல் காத்துக்கொண்டிருந்தார், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து.

டாக்டர் வந்து அவர் தோளைத் தொட்டார். கண்ணைத் திறந்ததும் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னார். "இனிமே பாய்லர் ஷாப்புக்குப் போக வேண்டாம். நாளையிலிருந்தே வேண்டாம். நான் எழுதிக் குடுத்துடறேன். வேற வேலை போடுவாங்க, கொஞ்சம் கீழான வேலையா இருக்கும். பரவாயில்லையா?"

"பரவாயில்லைங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். ஒரு சின்னப் பிள்ளைக்கு வருகிற மாதிரி ஆவல் அந்த முகத்தில்.

"பின்னால நின்னு என்னமோ சொன்னாரா? என்ன சொன்னார்?"

சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு ஏதாவது சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அன்றைக்குச் சொல்ல வேண்டிய பொய்யை எல்லாம் சொல்லி முடித்தாயிற்று. அவருக்கு நேரே குனிந்து, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அற்புதசாமி" என்றேன்.

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, காதை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். நான் மறுபடியும் சத்தமாகச் சொன்னேன்.